லே மிஸராப் இசை நாடகம்: மலையகத்திலிருந்து கேட்கத் தொடங்குபவருக்கு

லே மிஸராப் நாடகத்தில் வசனம் கிடையாது என்றே சொல்லலாம். பொலிஸ்காரன் மிரட்டுவதும் பாட்டு, சத்திரக்காரன் கணக்கைக் கூட்டி எழுதுவதும் பாட்டு, சாகக் கிடக்கும் தாய் தன் பிள்ளையை ஒப்படைப்பதும் பாட்டு. புதிதாகக் கேட்க வருகிறவர்களில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். “என்ன இது, பேசவே மாட்டார்களா?” என்று பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்தத் தடை இருக்க நியாயமில்லை. மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய பொட்டலில் ரதியும் மன்மதனும் வாதாடுவது பாட்டில்தான். காமன் எரிந்த பிறகு ரதி அழுவதும் ஒப்பாரி மெட்டில்தான். தப்பு மேளத்தின் அடி மாறினாலே அடுத்து வருவது யாரென்று பொட்டலில் நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதோடு கேட்டால் போதும். லே மிஸராப்பும் அடி மாறுவதையும் மெட்டுத் திரும்பி வருவதையும் நம்பி நிற்கிற நாடகம்தான்.

எதைக் கேட்பது, எதை இப்போதைக்கு ஒதுக்குவது

ஒரே பெயரில் பல உண்டு. விக்டர் ஹியூகோ 1862ல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல் முதலாவது. அதை வைத்து கிளாட்-மிஷேல் ஷான்பேர்க் இசையமைத்து, அலேன் பூப்லீலும் ழான்-மார்க் நடேலும் பாட்டெழுதி, 1980ல் பாரிஸில் மேடையேறியது அடுத்தது. இன்று உலகம் பாடுவது ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் எழுதிய ஆங்கிலப் பாட்டுகளை. அது லண்டன் பார்பிகன் அரங்கில் 1985 ஒக்டோபர் 8ல் தொடங்கியது. இசை நாடகத்தை அடியொட்டி 2012ல் வந்த சினிமா வேறு.

முதல் தடவைக்கு 1995ல் லண்டன் றோயல் அல்பர்ட் மண்டபத்தில் நடந்த பத்தாம் ஆண்டு நிறைவுக் கச்சேரிப் பதிவை எடுங்கள். கோம் வில்கின்சன் வால்ஜானாகவும் பிலிப் குவாஸ்ட் ஜாவேராகவும் பாடியது. பாடகர்கள் வேடத்தோடு மைக் முன்னால் நிற்கிறார்கள், அதனால் சொற்கள் துல்லியமாக விழுகின்றன. சில சிறு காட்சிகள் அதில் இல்லை. முதல் தடவைக்கு அது குறையல்ல. ஒன்றும் விடாமல் கேட்க வேண்டும் என்கிற ஆசை பிறகு வந்தால், மூன்று இசைத்தட்டுகளாக வந்த ‘கம்ப்ளீட் சிம்ஃபொனிக் ரெக்கோர்டிங்’ இருக்கிறது.

“சிறந்த பாட்டுகள்” என்ற தொகுப்புகளைத் தொடவேண்டாம். ஆறு உருக்கமான பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால் எல்லாம் ஒரே அழுகையாகத் தோன்றும். யார், ஏன் அழுகிறார் என்று தெரியாமல் கேட்கிற ஒப்பாரி மாதிரி.

கையில் இருக்க வேண்டியவை

வயர் வைத்த இயர்ஃபோன் ஒன்று. விலை கூடியது தேவையில்லை, ஆனால் இரண்டு காதும் வேலை செய்ய வேண்டும். போனின் சொந்த ஸ்பீக்கரில் கீழ்க்குரலும் முரசும் காணாமல் போகும், ஜாவேரின் குரலில் பாதி பலம் அங்கேதான் இருக்கிறது. போனை எவர்சில்வர் குவளைக்குள் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு குறையும். இந்த நாடகத்துக்குத் தெளிவுதான் வேண்டும்.

டேட்டா: நடுத்தரத் தரத்தில் பாட்டு மட்டும் கேட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. இரண்டரை மணித்தியாலத்துக்கு 150 எம்பி வரும். அதையே வீடியோவாகப் பார்த்தால் 1 ஜிபியைத் தாண்டும். ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ டவுனுக்கு இறங்குகிற நாளில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. லயத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு விழுந்து பாட்டு நடுவில் நின்றால், அந்த இடத்தின் உணர்ச்சி மறுபடி வராது.

80 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று. எதற்கென்று கீழே வரும்.

அமைதியான நேரம். இதைச் சின்ன விஷயமாக எண்ணவேண்டாம். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழைக்காலத்தில் தகரக் கூரை மேல் மழை இரைகிறபோது பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. பதுளைப் பக்கம் வடகீழ் மழைக்கும் இதே கதை. நாடகத்தின் மிக மெல்லிய பாட்டு, வால்ஜான் இரவில் கடவுளிடம் மன்றாடுகிற ‘பிரிங் ஹிம் ஹோம்’, கிட்டத்தட்ட மூச்சளவுக்கு இறங்கும். மழை விட்ட விடியற்காலையில் கேளுங்கள்.

கதை: இவ்வளவு தெரிந்தால் போதும்

ஆங்கிலப் பாட்டின் சொற்கள் வேகமாக ஓடும். கதை தெரியாமல் உட்கார்ந்தால் அரை மணியில் தொலைந்துவிடுவீர்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

ரொட்டி திருடியதற்கு ஐந்து வருடம், தப்பி ஓடப் பார்த்ததற்கு மிச்சம், ஆக 19 வருடம் தூலோன் சிறையில் கிடந்த ழான் வால்ஜான் 1815ல் வெளியே வருகிறான். சிறையில் அவன் பெயர் 24601. கையில் சிறையிலிருந்து வந்தவன் என்று காட்டும் மஞ்சள் கடதாசி. அதைக் காட்டினால் யாரும் வேலையும் தருவதில்லை, படுக்க இடமும் தருவதில்லை. ஒரு பிஷப் மட்டும் சோறு போட்டுப் படுக்கை தருகிறார். அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களையே இவன் திருடிக்கொண்டு ஓடுகிறான். பிடிபட்டு வந்தபோது, “நான் கொடுத்ததுதான், இந்த விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுப் போனாய்?” என்று அவற்றையும் கொடுத்து அனுப்புகிறார் பிஷப். வால்ஜான் கடதாசியைக் கிழித்துவிட்டு வேறு மனிதனாகிறான். எட்டு வருடம் கழித்து ஒரு ஊரின் மேயர், தொழிற்சாலை முதலாளி. அங்கே வேலை பறிபோன ஃபான்டீன் என்ற தாய் தெருவுக்கு வந்து சாகிறாள். அவள் மகள் கோஸெத்தை வால்ஜான் வளர்க்கிறான். ஜாவேர் என்ற இன்ஸ்பெக்டர் விடாமல் துரத்துகிறான். 1832ல் பாரிஸில் மாணவர்கள் தெருவை மறித்துக் கிளர்ச்சி செய்கிறார்கள். அவர்களில் ஒருவனான மாரியஸ் கோஸெத்தை விரும்புகிறான். மாரியஸை எப்போனின் என்ற சத்திரக்காரன் மகள் விரும்புகிறாள்.

அந்த மஞ்சள் கடதாசியின் பாரத்தை நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாமல் இருந்த காலம் இங்கேயும் இருந்தது. 1921ல் சட்டம் அதை ஒழித்தது. வால்ஜான் கடதாசியைக் கிழிக்கிற இடத்தில் வாத்தியங்கள் ஏன் அப்படிப் பொங்குகின்றன என்பதை, துண்டின் கதை கேட்டு வளர்ந்தவர் மற்றவர்களை விடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

ஒரு பிழையை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். இது 1789ன் பிரெஞ்சுப் புரட்சி அல்ல. 1832 ஜூன் 5, 6ல் பாரிஸில் எழுந்து இரண்டே நாளில் அடக்கப்பட்ட கிளர்ச்சி. ஜெனரல் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் தொடங்கியது. பெரும் புரட்சி என்று நினைத்துக் கேட்டால் இரண்டாம் அங்கத்தில் “ஏன் யாரும் உதவிக்கு வரவில்லை?” என்று குழம்புவீர்கள். வரவில்லை என்பதுதான் கதை.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஜாவேர், ஜாவெர்ட் அல்ல. கடைசி எழுத்து ஒலிக்காது. தெனார்டியே என்பது சத்திரக்காரன் குடும்பம். காவ்ரோஷ் தெருப் பையன். என்ஜோல்ராஸ் மாணவர் தலைவன். கதையில் வந்தவற்றோடு சேர்த்து இந்த ஒன்பது பெயரையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முதல் தடவை: நான்கு அமர்வு

ஒரே இருப்பில் கேட்கவேண்டாம். மேடையில் இடைவேளையோடு சேர்த்து மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். அங்கே கண்ணுக்கு விருந்து உண்டு. காதால் மட்டும் கேட்பவர் அவ்வளவு நேரம் தாங்கமாட்டார்.

முதல் அமர்வில் 1815ன் பகுதி மட்டும். கைதிகள் பாடுகிற ‘லுக் டவுன்’ தொடங்கி, வால்ஜான் தனியே நின்று தன்னைக் கேள்வி கேட்டுக் கடதாசியைக் கிழிப்பது வரை. முடிந்ததும் அதையே இன்னொரு தரம் கேளுங்கள். விதை நெல் முழுதும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது அமர்வு தொழிற்சாலைப் பெண்களின் பாட்டிலிருந்து சத்திரக்காரன் வீடு வரை. ஃபான்டீனின் ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’ இதில் வரும். அதைத் தனியாக எங்கேயோ கேட்டிருப்பீர்கள். இந்தத் தடவை அதற்கு முன்னால் வரும் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள்: கூட வேலை செய்யும் பெண்களே அவள் கடிதத்தைப் பறித்துப் படித்துக் காட்டிக்கொடுக்கிறார்கள், மேற்பார்வைக்காரன் துரத்துகிறான். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்துப் பேச்சும் கிண்டலும் கேட்டவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் சத்தம் பழக்கமானதாக இருக்கும். அந்தச் சத்தம் அடங்கிய வெறுமையில்தான் அவள் பாடத் தொடங்குகிறாள்.

மூன்றாவது, பாரிஸ் தெருவிலிருந்து முதல் அங்கம் முடியும் ‘வன் டே மோர்’ வரை. நான்காவது, இரண்டாம் அங்கம் முழுவதும். இதை மட்டும் பிரிக்காமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவே ஒரு நாளாவது விடவேண்டும். மெட்டு மனதில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கட்டம் வேலை செய்யாது.

திரும்பி வரும் மெட்டுகள்

முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் நான்கு அமர்வும் முடித்துவிட்டு இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மெட்டு. மெட்டுக்கு நீங்களே பேர் வையுங்கள், ‘கைதி மெட்டு’, ‘பிஷப் மெட்டு’ என்று. அது எங்கே முதலில் வந்தது, யார் பாடினார், பிறகு யார் வாயில் வந்தது என்று எழுதுங்கள். ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை, முணுமுணுக்கத் தெரிந்தால் போதும்.

கைதிகளின் ‘லுக் டவுன்’ மெட்டு 17 வருடம் கழித்துப் பாரிஸ் பிச்சைக்காரர்களின் வாயில் வருகிறது. சிறைக்கு உள்ளேயும் வெளியேயும் அதே பாட்டு. ஃபான்டீன் சாகும்போது பிள்ளையைக் கூப்பிடுகிற மெட்டு, எப்போனின் மழைத்தெருவில் தனியாகப் பாடும் ‘ஒன் மை ஓன்’ ஆகிறது. கடைசியில் வால்ஜானை அழைத்துப் போக அந்த இரண்டு பெண்களும் வரும்போது மறுபடி அதே மெட்டு.

இதை விடவும் நுணுக்கமானது ஒன்று. முதல் அமர்வில் பிஷப், களைத்து வந்த வால்ஜானை உள்ளே வரச்சொல்லிச் சில வரிகள் பாடுவார். அரை நிமிடம்தான், பலர் கவனிக்கவே மாட்டார்கள். இரண்டாம் அங்கத்தில் நண்பர்கள் எல்லோரும் மாண்டபின் மாரியஸ் வெறும் கதிரைகளைப் பார்த்துப் பாடுகிற ‘எம்ப்டி செயர்ஸ் அட் எம்ப்டி டேபிள்ஸ்’ அதே மெட்டு. மேசைக்கு வா, சாப்பிடு என்று அழைத்த மெட்டு, மேசையில் யாரும் மிஞ்சாத இடத்தில் திரும்பி வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை கேட்டபோது உங்களுக்குத் தெரியாமலே அந்த மெட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது, அதனால்தான் மாரியஸ் வாயைத் திறந்ததும் தொண்டை அடைத்தது.

மிகப் பெரிய சோடி வால்ஜானுக்கும் ஜாவேருக்கும். பிஷப் மன்னித்த இரவில் வால்ஜான் தன்னோடு வாதாடுகிற பாட்டும், வால்ஜான் உயிர்ப்பிச்சை கொடுத்த இரவில் ஜாவேர் ஆற்றுப் பாலத்தில் நின்று பாடுகிற கடைசிப் பாட்டும் ஒன்றே. இருவருக்கும் கிடைத்தது ஒரே இரக்கம், இருவரையும் உலுக்குவது ஒரே இசை. ஒருவன் அதை வாங்கிக்கொண்டு வாழப் போகிறான், மற்றவனால் வாங்க முடியவில்லை. இதை விளக்க நாவல் பல பக்கம் எடுக்கிறது. இங்கே மெட்டு ஒன்றே சொல்லிவிடுகிறது. இந்த நாடகத்தின் மேல் ஆசை பிறக்கிற இடம் இதுதான்.

‘வன் டே மோர்’: எல்லோரும் சேர்ந்து பாடுவதைப் பிரிப்பது

புதியவர்கள் இதை வெறும் சத்தம் என்று தள்ளிவிடுவதுண்டு. காரணம், எல்லாரையும் ஒரே தடவையில் கேட்கப் பார்ப்பது. இப்படிச் செய்யுங்கள். முதல் தரம் வால்ஜானை மட்டும் பிடியுங்கள். அவன் பாடுவது ‘ஹூ ஆம் ஐ’ பாட்டின் மெட்டு. இரண்டாம் தரம் மாரியஸும் கோஸெத்தும். ஃபான்டீனின் கனவுப் பாட்டின் நடுப்பகுதி அவர்கள் வாயில் காதல் பாட்டாக மாறியிருக்கும். தாயின் மெட்டைத் தெரியாமலே மகள் பாடுகிறாள். மூன்றாம் தரம் தெனார்டியே சோடி. அவர்கள் சத்திரப் பாட்டையே கொண்டு வருகிறார்கள். நான்காம் தரம் ஜாவேர். ஐந்தாம் தரம் எதையும் தேடாமல் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாட்டு நான்கு நிமிடத்துக்குக் கிட்ட, ஐந்து தரம் என்றால் இருபது நிமிடம்.

பிறகு பார்ப்பது

இப்போது வீடியோ. 1995 கச்சேரியையே முதலில் பாருங்கள். முடிவில் பல நாடுகளில் வால்ஜானாக நடித்த 17 பேர் தத்தம் மொழியில் பாடிக்கொண்டு வருவார்கள், அதைத் தவறவிடவேண்டாம். அடுத்து 2012 சினிமா. 158 நிமிடம். அதில் நடிகர்கள் கமராவின் முன்னால் நேரடியாகவே பாடினார்கள், வாத்தியக் குழு பிறகு சேர்க்கப்பட்டது. அதனால் மூச்சும் விம்மலும் பாட்டில் கலந்திருக்கும். கச்சேரிக் குரலுக்குப் பழகிய காதுக்கு முதலில் உறுத்தும். ஆன் ஹதவே பாடுகிற ஃபான்டீனை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டு ஒப்பிட்டால், இரண்டு வழியிலும் எது கிடைக்கிறது, எது போகிறது என்று புரியும். சினிமாவை முதலில் பார்த்தவர்கள் மேடைப் பதிவை “உணர்ச்சி இல்லை” என்கிறார்கள், மேடையை முதலில் கேட்டவர்கள் சினிமாவை “சுருதி இல்லை” என்கிறார்கள். முதலில் கேட்டதே அளவுகோலாகிவிடும், ஆகவேதான் வரிசையை வலியுறுத்துகிறோம்.

1950ல் வந்த ‘ஏழை படும் பாடு’ தமிழ்ப் படமும் இதே நாவல்தான், ஆனால் இசை வேறு. ஜாவேர் வேடத்தில் நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்பது பேரோடு ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான். வீட்டில் வயதானவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்க அந்தப் படம் நல்ல வாசல்.

நாவலுக்கு யோகி சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கம் அதே தலைப்பில் உண்டு. முழு நாவல் ஐந்து பாகம், 365 அத்தியாயம். வாட்டர்லூப் போரும் பாரிஸின் சாக்கடையும் நீண்ட தனிக் கட்டுரைகளாகக் குறுக்கே வரும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போவதில் பாவமில்லை. பிஷப்பைப் பற்றிய தொடக்கப் பகுதியை மட்டும் தாண்டவேண்டாம், மேடையில் சில நிமிடமே வரும் மனிதர் அங்கே ஒரு முழு வாழ்க்கையாக நிற்கிறார். எப்போனினும் காவ்ரோஷும் அக்கா தம்பி என்பதும் நாவலில்தான் தெரியும்.

தமிழில் பாடிப் பார்ப்பது

கேட்டுக்கேட்டு வாய் துறுதுறுக்கும்போது நீங்களே ஒரு பாட்டைத் தமிழாக்கிப் பாடத் தோன்றும். நல்லது. இரண்டு இடத்தில் தவறும்.

ஒன்று, நீட்டிப் பிடிக்கிற கடைசி ஸ்வரம். ஆங்கிலத்தில் அங்கே ஓரசைச் சொல் நிற்கும். தமிழில் ‘வீட்டுக்கு’, ‘கேட்டு’ என்று குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை அங்கே வைத்தால் எட்டு எண்ணிக்கைக்கு ‘ஊ’ என்று ஊளையிட வேண்டி வரும். வா, தா, நீயே, அன்றோ என்று நெடிலில் முடியும் சொல்லைத் தேடுங்கள். கடைசிச் சொல்லை முதலில் தீர்மானித்துவிட்டு வரியைப் பின்னோக்கி எழுதுவது சுலபம்.

மற்றது குரல். ‘பிரிங் ஹிம் ஹோம்’ தொடக்கத்திலேயே ஒரு முழு ஸ்தாயி மேலே தாவும், முடிவில் கள்ளக்குரலில் மெல்ல நிற்க வேண்டும். நுவரெலியாக் காலைக் குளிரில் எழுந்த கையோடு அதைத் தொட்டால் தொண்டை கிழியும். பத்து நிமிடம் வாய் மூடி முணுமுணுத்துச் சூடேற்றுங்கள், தேவையானால் சுருதியை இரண்டு கட்டை இறக்குங்கள். கூட்டமாகப் பாட மாணவர்களின் ‘டு யூ ஹியர் த பீப்பிள் சிங்’ ஏற்றது. ஒருவர் தொடங்கி ஒவ்வொருவராகச் சேர வேண்டும், எல்லாரும் ஒன்றாகத் தொடங்கினால் பாட்டு வளராது. அதன் அணிவகுப்பு நடைக்குத் தப்பு அழகாகப் பொருந்தும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்திருக்கும், அடிக்கு முன் நன்றாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பள்ளி விழாவிலோ கோயில் திருவிழா மேடையிலோ இந்த நாடகத்தை ஏற்ற நினைத்தால், டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் உரிமம் வாங்க வேண்டும். பள்ளிகளுக்கென்று சுருக்கிய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. உரிமத்துக்குப் பணமில்லை என்றால் வேறு வழி உண்டு: ஹியூகோ 1885ல் காலமானவர், அவருடைய மூலக் கதை யாருக்கும் பொது. மெட்டுத்தான் பொதுவல்ல. மெட்டுக்குக் காமன் கூத்து மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். வால்ஜானுக்கு ஒரு வரவுப் பாட்டு, ஜாவேருக்கு ஒரு அடி, ஃபான்டீனுக்கு ஒரு ஒப்பாரி என்று கேட்டால் என்ன வேண்டும் என்று அவருக்கு உடனே விளங்கும். பிஷப்பின் மெட்டை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அது பின்னால் இன்னொருவர் வாயில் திரும்பி வரவேண்டும்.